வேகத்துக்குத் தண்ணீர் கேட்கும் விலை

கொழும்பில் ஏதாவது ஒரு பாடசாலை நீச்சல் போட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பார்வையாளர் பக்கத்தில் அம்மா அப்பாக்கள் எழுந்து நின்று, "கெதியா அடி, கையை இன்னும் கெதியா அடி!" என்று கத்துவார்கள். தடாகக் கரையில் நிற்கும் பயிற்றுநரோ தலையைத் தூக்காதே என்று சைகை காட்டிக்கொண்டிருப்பார். பௌதிகம் பயிற்றுநரின் பக்கம்தான் நிற்கிறது.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. நீந்துபவரின் வேகம் கூடும்போது தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையை வென்று முன்னே போகத் தேவைப்படும் வலு இன்னும் ஒரு படி மேலே, வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறுகிறது. 10 சதவீதம் வேகமாகப் போக வேண்டுமா? 33 சதவீதம் கூடுதல் வலு வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு. ஏற்கெனவே நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவரின் தசைகள் ஓர் ஆண்டில் இவ்வளவு வலுவைக் கூட்டிவிட முடியாது. அதனால் சம்பியனாக வருபவர் மற்ற வழியைப் பிடிக்கிறார்: தண்ணீர் தன்னைத் தடுக்கும் இடங்களைத் தேடித் தேடிக் குறைக்கிறார்.

இதே கணக்கை மறுமுனையிலிருந்து பார்த்தால் வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தனை விளங்கிக்கொள்ளலாம். சட்டத்தரணியான அவர் 1971இல் பாக்குநீரிணையைக் கடந்து இந்தியக் கரையைத் தொட்டு, அங்கிருந்து திரும்பியும் நீந்தினார். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணித்தியாலங்கள். ஓர் உடலால் எப்படி இது முடியும்? உலகத்தர 100 மீற்றர் வீரர் செக்கனுக்கு இரண்டு மீற்றர் போகிறார். நெடுந்தூரக் கடல் நீச்சலில் பெரும்பாலும் அதன் பாதி வேகம்கூட இராது. வேகம் பாதியானால் தேவையான வலு எட்டில் ஒன்றாக விழுகிறது. அந்த அளவு வலுவை இதயமும் நுரையீரலும் மணிக்கணக்காகக் கொடுக்க முடியும், உணவும் மன உறுதியும் இருந்தால். ஆனால் கடலில் குளிர் என்ற இன்னொரு கணக்கும் உண்டு. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பாக்குநீரிணையின் வெதுவெதுப்பு ஆங்கிலக் கால்வாயில் கிடையாது. கோடையிலும் அங்கே 16, 17 பாகைதான். 1984 ஓகஸ்டில் அந்தக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில்தான் ஆனந்தன் உயிரிழந்தார். இலங்கை நீச்சலைப் பற்றிப் பேசும் எவரும் அவரைத் தாண்டிப் போகக் கூடாது.

சரி, தடாகத்துக்குத் திரும்புவோம். தடை எங்கே உருவாகிறது? முதலாவது இடம் கால்கள். நெஞ்சுக்கூட்டில் காற்று இருப்பதால் மிதப்பு விசையின் மையம் மார்புப் பக்கம் இருக்கிறது. உடல் எடையின் மையமோ இடுப்புப் பக்கம். ஒன்று மேலே தூக்க, மற்றது கீழே இழுக்க, கால்கள் தாழ்ந்துபோகின்றன. உடல் சரிந்ததும் தண்ணீரை மோதும் பரப்புக் கூடிவிடும். பிள்ளை முன்னால் பார்க்கத் தலையைத் தூக்கினால் இந்தச் சரிவு இன்னும் மோசமாகும். பயிற்றுநரின் சைகைக்கு இதுதான் காரணம். பிரீஸ்டைலில் கால் அடிப்பதில் பெரும்பயன்கூட இடுப்பை மேலே வைத்திருப்பதுதான். முன்னே தள்ளுவது பெரும்பாலும் கைகளின் வேலை.

கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடுபவர் தரையை உதைத்தால் தரை அசையாது. நீந்துபவர் தண்ணீரைத் தள்ளினால் அது பின்னால் நழுவிப் போய்விடும், சக்தியில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். அவசரமாகக் கை வீசும் பிள்ளை நுரையைத்தான் கிளப்புகிறது. தேர்ந்தவர்கள் முழங்கையை உயரவே வைத்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்த ஒரே பரப்பால் தண்ணீரைப் பிடித்துப் பின்தள்ளுகிறார்கள். அடுத்த போட்டியில் முதலாவதாக வருபவரும் கடைசியாக வருபவரும் ஒரு நீளத்துக்கு எத்தனை தரம் கை போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அநேகமாக முன்னால் போகிறவரின் எண்ணிக்கைதான் குறைவாக இருக்கும்.

தடையைக் குறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2009இல் ஒரு சான்று கிடைத்தது. ரோமில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் விழுந்தன. வீரர்கள் ஒரே ஆண்டில் பலசாலிகளாகிவிடவில்லை. உடலை இறுக்கிப் பிடித்து, மிதப்பையும் கூட்டிய, பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான உடைகள் வந்திருந்தன. 2010இல் அவற்றைத் தடைசெய்தார்கள். அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

நீர்மட்டத்தில் நீந்தும்போது தலைக்கு முன்னால் எழும் அலைக்கும் சக்தி செலவாகிறது. உடல் சற்று ஆழத்தில் போனால் இந்த அலைத்தடை பெருமளவு குறைந்துவிடும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்கொஃப், ஜப்பானின் தைச்சி சுசுகி இருவரும் 100 மீற்றர் மல்லாக்கு நீச்சலின் முதல் நீளத்தில் பாதிக்கும் மேல் தண்ணீருக்கு அடியில், டொல்பின் மாதிரி கால்களைச் சேர்த்து அடித்துக்கொண்டே போனார்கள். தங்கம் சுசுகிக்கு. அப்புறம்தான் விதி வந்தது. இன்று 15 மீற்றருக்குள் தலை மேலே வந்தாக வேண்டும். 25 மீற்றர் தடாகத்தில் எடுத்த நேரத்தை 50 மீற்றர் தடாக நேரத்தோடு ஒப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான். குறுகிய தடாகத்தில் சுவரில் திரும்பும் தடவைகள் கூடுவதால், உதைத்துத் தள்ளும் வாய்ப்பும் நீருக்கடித் தூரமும் கூடும், நேரம் குறையும்.

ஒரு சம்பியனின் ஆண்டுகள் எப்படிப் போகின்றன என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. பத்து வயதை ஒட்டிய காலம் உடல் நிலையையும் கையால் தண்ணீரைப் பிடிப்பதையும் பழகும் காலம். பதின்ம வயதில் உடல் நீள்கிறது. நீளமான உடலுக்கு அதே வேகத்தில் அலைத்தடை குறைவு என்பதால் நேரங்கள் தாமாகவே இறங்கும். வளர்ச்சி நின்றதும் அந்த இலவச முன்னேற்றமும் நின்றுவிடும். பல பிள்ளைகள் மனம் தளர்வது இங்கேதான். ஆனால் முழு உச்சம் ஆண்களுக்கு ஏறக்குறைய 24 வயதிலும், பெண்களுக்கு 22ஐ ஒட்டியும்தான் வருகிறது. அந்த நாளுக்கும் ஒரு தயாரிப்பு உண்டு: பெரிய போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் பயிற்சித் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைப்பார்கள். தேங்கிய களைப்பு இறங்கியதும் நேரம் இரண்டு மூன்று சதவீதம் மேம்படும். செக்கனின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது மிகப் பெரியது.

நம் நாட்டில் அந்த உச்சத்துக்கு முந்திய ஆண்டுகளைச் சாதாரண தரமும் உயர்தரமும் எடுத்துக்கொள்கின்றன. இலங்கை நீச்சல் வீரர் ஜூலியன் போலிங் 1984, 1988, 1992 என மூன்று ஒலிம்பிக்குகளுக்குப் போனவர்; அவ்வளவு காலம் தடாகத்தில் நின்றதே அவரின் பலம். 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டு விழாவில் ஏழு தங்கம் வென்ற மத்தியூ அபேசிங்க, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நீந்தினார். படிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும் அந்த வசதி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் பிள்ளைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை.

பரீட்சைக்காக நீச்சலை விட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நீந்தாமல் இருந்தால் சில வாரங்களிலேயே மூச்சுத்திறன் இறங்கத் தொடங்கும். அது சில மாதப் பயிற்சியில் திரும்பிவிடும். சிறுவயதில் பழகிய உடல் நிலையும் தண்ணீரைப் பிடிக்கும் கையும் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. உயர்தரம் முடித்துப் பத்தொன்பது வயதில் திரும்பி வருபவருக்கு, உச்ச வயதுக்கு இன்னும் சில ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன.