தேய்த்தால் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள்

குழந்தையின் முதுகில் உள்ள ஒரு பழுப்புப் புள்ளியை மருத்துவர் மழுங்கிய முனையால் நாலைந்து முறை தேய்க்கிறார். சில நிமிடங்களில் அந்த இடம் சிவந்து, கொசு கடித்ததுபோல் தடித்து, அரிக்கத் தொடங்குகிறது; பக்கத்திலுள்ள சாதாரணத் தோலோ அப்படியே இருக்கிறது. டாரியர் அறிகுறி எனப்படும் இந்த மாற்றம், தோலில் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிக் குவியும் தோல் மாஸ்டோசைட்டோசிஸ் என்னும் அரிய நோய்க்கு வலுவான சான்றாகும்.

நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான மாஸ்ட் செல்கள் எல்லோருடைய தோலிலும் உண்டு. ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் போன்ற வேதிப்பொருள்களை நுண்ணிய மணிகளாகத் தம்முள் அடைத்து வைத்திருக்கும் இவற்றுக்கு, 1878-இல் பால் எர்லிக் பெயரிட்டபோது, அவை தின்று கொழுத்த செல்கள் என்றே கருதினார். ஜெர்மன் மொழியில் ‘மாஸ்ட்’ என்பது கொழுக்க வைப்பதைக் குறிக்கும். மணிகள் வெளியேறும்போது ஹிஸ்டமின் இரத்தக் குழாய்களை விரித்து நீர் கசியச் செய்கிறது. தடிப்பும் அரிப்பும் அதனால்தான்.

இந்நோயில் அச்செல்கள் ஏன் குவிகின்றன? அவற்றின் மேற்பரப்பில் ‘கிட்’ என்னும் ஏற்பி இருக்கிறது. வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து அதைத் தொடும்போது மட்டுமே ‘பிழைத்திரு, பெருகு’ என்ற கட்டளை செல்லுக்குள் போக வேண்டும். மரபணுவில் பிழை நேர்ந்தால், யாரும் தொடாமலே அந்தக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். பெரியவர்கள் பெரும்பாலோரிடம் காணப்படும் பிழை, அந்த ஏற்பிப் புரதத்தின் 816-ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான். இத்தனை சிறிய மாற்றம் இவ்வளவு தொல்லை தருவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. இப்பிழை பெரும்பாலும் பிறவியில் பெற்றோர் தந்ததன்று. உடலின் ஏதோ ஒரு செல்லில் புதிதாக நேர்ந்தது. தொற்றும் நோயும் அன்று.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தோன்றி, பலருக்கு வளரிளம் பருவத்துக்குள் மங்கிவிடும். பெரியவர்களிடம் எலும்பு மஜ்ஜையிலும் மாஸ்ட் செல்கள் சேர்ந்திருக்கலாம் என்பதால், இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவைப் பார்ப்பார்கள்.

ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் செல்களைக் குறைப்பதில்லை. ஹிஸ்டமின் சென்று ஒட்டும் இடங்களை அடைத்து அரிப்பைத் தணிக்கின்றன. உராய்வு, திடீர் வெப்பம், குளவிக் கொட்டு, சிலருக்கு ஆஸ்பிரின், கோடீன் போன்ற மருந்துகள் ஆகியவை மணிகளை ஒருசேர வெளியேற்றி, இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்யக்கூடும். ஆகவே பெரிய கட்டி போன்ற புள்ளியை வீட்டில் தேய்த்துச் சோதிக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் இந்நோயைப் பற்றித் தவறாமல் சொல்லிவிட வேண்டும்.