என்க்ளோஷர்னா பொட்டியா, அடைப்பா, கூடா?

ஸ்பீக்கர் கட்டுற கிறுக்கு புடிச்சவங்க வாயில ஓயாம வர்ற வார்த்தை என்க்ளோஷர், ஸ்பீக்கர மாட்டி வெக்கற பொட்டிக்கு இங்கிலீஷ் பேரு. போன வருஷம் எங்க வேலூர் சத்துவாச்சாரியில ஒரு ஆச்சாரிகிட்ட போயி "எட்டு இன்ச் வூஃபருக்கு ஒரு பொட்டி வேணும், 26க்கு 30க்கு 40 சென்டிமீட்டர், 18 எம்எம் எம்டிஎஃப்ல போடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். (வூஃபர்னா பேஸ், அதாவது தாழ்ந்த சுதி, வாசிக்கற பெரிய ஸ்பீக்கர்; எம்டிஎஃப்னா மரநார அழுத்தி செஞ்ச பலகை.) அவரும் நல்லா ஒட்டி, இழைச்சி, ஓரமெல்லாம் வழவழன்னு பண்ணி குடுத்தாரு, ஆனா வீட்டுக்கு எடுத்தாந்து மாட்டுனா பேஸ் எல்லா பாட்டுக்கும் ஒரே சுதியில டம்மு டம்முன்னு அடிக்குது. அப்புறம்தான் டேப் வெச்சி பாத்தேன். நான் சொன்னது உள்ளளவு, அவர் எடுத்துக்கினது வெளியளவு. 31 லிட்டர் காத்து இருக்க வேண்டிய எடத்துல 21 லிட்டர் சொச்சம்தான் இருக்கு, மூணுல ஒரு பங்கு பலகைக்கே போயிடுச்சு. போயி கேட்டா, "பொட்டின்னா வெளியளவு தான சார், உள்ள எவ்ளோ காத்து வேணும்னு சொன்னீங்களா இன்னா?"ங்கறாரு. அவர் மேல தப்பே இல்ல. பொட்டின்னு சொன்னா மரத்த தான் நெனைப்பாங்க, எனக்கு வேண்டியதோ மரத்துக்கு நடுவுல இருக்கற வெத்திடம்.

அங்கதான் எனக்கு இந்த சொல் மேல ஆராய்ச்சி ஆரம்பிச்சுது.

என்க்ளோஷர்ங்கறது லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல். லத்தீன் வேர் க்ளாடெரே, மூடு, அடைன்னு அர்த்தம். க்ளோஸ், க்ளோசெட் எல்லாம் அதோட பங்காளிங்கதான். இங்கிலாந்துல ஊர் பொதுநிலத்த வேலி போட்டு வளைச்சிக்கினதுக்கும் இதே பேர்தான். நம்ம ஆபீஸ் லெட்டர்ல கீழ "இணைப்பு"ன்னு போடறோமே, அதுவும் இங்கிலீஷ்ல இதே சொல். ஸ்பீக்கர் பொட்டிக்கு இன்னொரு பேரு கேபினெட், அது "சின்ன அறை". ராஜா தனியறையில மந்திரிங்களோட பேசி பேசி, அந்த அறையோட பேரே அமைச்சரவைக்கு ஒட்டிக்கிச்சு, பாவம் ஸ்பீக்கருக்கும் அதே பேரு.

ஏன் மூடணும்? ஸ்பீக்கர் கோன், அதாவது நடுவுல அதிர்ற கூம்பு, முன்னாடி காத்த தள்ளறப்போ பின்னாடி இழுக்குது. அந்த முன் அலையும் பின் அலையும் நேர் எதிர். தாழ்ந்த சுதியில அலை ரொம்ப நீளம், அதனால சுலபமா சுத்திக்கினு வந்து ரெண்டும் ஒன்ன ஒன்னு தின்னுடும், பேஸ் காணாம போயிடும். வெறும் ஸ்பீக்கர கையில புடிச்சிக்கினு பாட்டு போட்டு பாருங்க, கொசு மாதிரி கத்தும். பின் அலைய அடைச்சி வெக்கத்தான் பொட்டி. 1954ல எட்கர் வில்ச்சர் முழுசா மூடின பொட்டியில உள்ள அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா வேல வாங்கினாரு. அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்து ஆல்பர்ட் துராஸ் பின் அலைய வீணாக்காம ஒரு ஓட்ட வழியா வெளிய விட்டு பேஸுக்கு ஒத்தாசை பண்ண வெச்சாரு, 1932ல பேட்டண்ட். சோடா பாட்டில் வாயில ஊதுனா ஊம்னு வருதே, அதே கணக்குதான், உள்ள இருக்கற காத்து கம்மியானா சுதி ஏறும். எனக்கு டம்மு டம்மு வந்ததும் அதனாலதான்.

சரி, தமிழ்ல இன்னா சொல்றது? மெஷின் மொழிபெயர்ப்புல "ஒலிபெருக்கி அடைப்பு"ன்னு வருது. வேலூர்ல நின்னுக்கினு அடைப்புன்னு சொல்லி பாருங்க, நெஞ்சடைப்புன்னு நெனச்சி உடனே சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிப்பாங்க. "உறை"ன்னும் வருது, அது தலகாணிக்கு போடறது (ஸ்பீக்கர் பொட்டிக்குள்ளயும் பஞ்சு வெக்கறோம்ங்கறது வேற விஷயம்).

பழசுல தேடுனா ஒரு அழகான சொல் மாட்டுது. பத்தல், இல்லன்னா பத்தர். யாழோட குடைஞ்ச மர உடம்புக்கு பொருநராற்றுப்படை "கவடுபடு பத்தல்"னு சொல்லுது, சிலப்பதிகாரம் கானல்வரியில "பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும்"னு யாழோட உறுப்ப வரிசையா அடுக்குது. தண்ணி இறைக்கற மரவாளிக்கும் பத்தல்னு பேரு உண்டு, அதாவது குடைஞ்சது, உள்ள வெத்தா இருக்கறது. வீணைக்கு இதையே குடம்ங்கறோம். நான் கொஞ்ச நாள் பத்தல் தான்னு முடிவே பண்ணிட்டேன், ஆனா ஒரு எடத்துல ஒதைக்குது. யாழும் வீணையும் உடம்பே அதிரணும், அதுதான் அதோட நாதம். ஸ்பீக்கர் பொட்டி அதிரவே கூடாது, பலகை பாட ஆரம்பிச்சா பாட்டு கெட்டுது. அதுக்குத்தானே நடுவுல குறுக்குச்சட்டம் அடிக்கறோம், 18 எம்எம் பலகை தேடறோம். பானையில ஸ்பீக்கர் கட்டுறவங்களுக்கு இது தெரியும், கரிகிரி பானை மாதிரி வளைஞ்ச மண் சுவரு லேசுல அசையாது, எதிரெதிரா தட்டையா நிக்கற சுவரும் கிடையாது.

அதனால என் ஓட்டு "கூடு"க்கு. நெஞ்சுக்கூடு, எலும்புக்கூடு, குருவிக்கூடு எல்லாத்துலயும் பாருங்க, சுவரும் இருக்கு, உள்ள எடமும் இருக்கு, அந்த எடத்துல குடியிருக்கறது ஒன்னும் இருக்கு. குரலுக்கு மூச்சும் நெஞ்சுக்கூட்டுல இருந்துதான வருது. ஒலிக்கூடுன்னா இன்னும் தெளிவு. ஓட்ட இல்லாதது மூடுகூடு, போர்ட், அதாவது அந்த ஓட்ட, வெச்சது வாய்க்கூடு, பானைக்கு வாய்ன்னு சொல்றோம்ல. வெளிய பலகைய சொல்லணும்னா தாராளமா பொட்டின்னே சொல்லுங்க. வூஃபர் நாய் குரைக்கற சத்தத்துல இருந்தும் உச்ச சுதி வாசிக்கற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் குருவி கீச்சறதுல இருந்தும் வந்த பேருங்க, அத மாத்த எனக்கு மனசு வரல.

ரெண்டாவது பொட்டிக்கு அதே ஆச்சாரிகிட்ட சீட்டு எழுதி குடுத்தேன், "கூடு 26 × 30 × 40, பலகை அதுக்கு வெளிய". படிச்சிட்டு "குருவி வளக்கறீங்களா சார்?"னு கேட்டாரு. ட்வீட்டர் ஒன்னு கீது, ஆமான்னு சொல்லிட்டேன். இந்த தடவ அளவு சரியா வந்துச்சு.