சுவரை மூட முன்னர் பேஸ்மென்ற் வயரிங்கைப் பாருங்கள்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்தில் எங்கட ஆக்கள் வீடு வாங்கினால் அடுத்த கதை பேஸ்மென்ற், அதாவது நிலக்கீழ்த் தளம், முடிப்பதுதான். தரைக்கும் குளியலறைக்கும் கடை கடையாய் ஏறி இறங்கி ஓடு தெரிவு செய்வார்கள். வயரிங் மட்டும் "தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் செய்வான்" என்று போய்விடும்.

ஒன்ராறியோவில் தன் வீட்டு வயரிங்கை வீட்டுக்காரரே செய்யலாம். ஆனால் ஈ.எஸ்.ஏ. என்ற மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து, பரிசோதனைக்கும் விட வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். அந்தப் பெடியன் இதற்குள் வரமாட்டான்.

நான் அதிகம் பயப்படுவது சுவிட்ச் பெட்டிக்குத்தான். பழைய வீடுகள் பலவற்றில் கரண்ட் முதலில் லைற்றுக்குப் போய், அங்கிருந்து ஒரு கேபிள் சுவிட்சுக்கு இறங்கும். பெட்டிக்குள் வெள்ளை வயர் இருக்கும். ஆனால் அது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், இல்லை; அதிலும் 120 வோல்ட் இருக்கலாம். போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி வந்தவர் நியூட்ரலைத் தேடுவார். கிடைக்காது. பக்கத்தில் கிடக்கும் வெறும் செப்புக் கம்பியில், அதாவது எர்த்தில், முறுக்கிவிடுவார். லைற் எரியும், போனிலிருந்தும் அணையும், வீடே சந்தோசப்படும். என்றைக்காவது பின்னால் எர்த் இணைப்பு ஒன்று கழன்றால், அதோடு தொடுத்த உலோகப் பெட்டியும் அதன் மூடி ஆணியும் கரண்ட் அடிக்கும். பிரேக்கர் விழாது. 15 அம்பியர் பிரேக்கர் வயரைக் காக்க வைத்தது, ஆளைக் காக்க அல்ல.

ஆளைக் காப்பது ஜீ.எஃப்.சி.ஐ. என்ற, கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி. 5 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே துண்டிக்கும். சிங்க், குளியல் தொட்டி, ஷவர் ஆகியவற்றிலிருந்து 1.5 மீற்றருக்குள் உள்ள பிளக்குகளுக்கு அது கட்டாயம். வாங்கி மாட்டினால் போதாது; அதிலுள்ள ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

முடித்த பேஸ்மென்றில் படிக்கட்டு லைற்றுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவிட்ச் வேண்டும். வயர் இணைப்புகள் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியை ட்ரைவோல் சுவர்ப் பலகைக்குப் பின்னால் புதைக்கக் கூடாது. இதையெல்லாம் பரிசோதகர் பார்ப்பது சுவர் மூட முன்னர். மூடிவிட்டுக் கூப்பிட்டால் உடைத்துக் காட்டச் சொல்லலாம். தரை ஓட்டுக்குச் செலவழித்தவருக்கு அப்போதுதான் வலிக்கும்.

ஆளைப் பிடிக்க முன்னர் அவருடைய 7 இலக்க உரிம எண்ணைக் கேளுங்கள். ஈ.எஸ்.ஏ. இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் பரிசோதனைச் சான்றிதழை வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வீடு விற்கும்போது கேட்பார்கள்.