உப்பில் அயோடின் இருந்தும் தைராய்டு ஏன் பழுதாகிறது?

குடியாத்தத்திலிருந்து வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் அயோடின் கலந்த பாக்கெட் உப்புதான் வாங்குகிறோம், மீனும் அடிக்கடி சமைக்கிறோம். இருந்தும் எனக்கும் என் தங்கைக்கும் தைராய்டு வந்துவிட்டது. இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் டி.எஸ்.எச். 9 என்று காட்டுகிறது. கழுத்தில் வீக்கம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீர்தான் காரணமா?" பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆற்றுக்கு நேர்ந்த கேடு பெரிது. அதற்காகத் தனியே போராடத்தான் வேண்டும். ஆனால் அக்காள், தங்கை, மகள் என்று ஒரே குடும்பத்துப் பெண்களுக்கு வரும்போது, தண்ணீரைவிட முதலில் ஐயப்பட வேண்டியது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத்தான். அதன் காரணம் விளங்க, அந்தச் சுரப்பி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

தைராய்டு, மூச்சுக்குழலின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் ஒட்டியிருக்கும், ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுரப்பி. அது சுரப்பதில் பெரும்பகுதி டி4 என்னும் ஹார்மோன். திசுக்களுக்குச் சென்றபின் அதிலிருந்து ஓர் அயோடின் அணு கழற்றப்பட்டு, வீரியம் மிக்க டி3 ஆகிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியவை இதைச் சார்ந்தவை. இரத்தத்தில் இவற்றின் அளவு குறைந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அதிகமாக அனுப்பித் தைராய்டை முடுக்கும். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு உயரக்கூடும் என்பதால், டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாசகியின் மகளுக்கு வந்த 9 என்னும் எண் பெரும்பாலும் இந்தத் தொடக்க நிலையைச் சேர்ந்ததாக இருக்கும்.

இனி வருவது, உடலியலில் நான் மிகவும் வியக்கும் பகுதிகளுள் ஒன்று. தைராய்டை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒற்றை வரிசைச் செல்களால் சுவர் எழுப்பிய மிகச்சிறு உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒவ்வொரு உருண்டையின் நடுவிலும் கூழ்மம் என்னும் பசை போன்ற பொருள் நிறைந்திருக்கும். செல்லின் வெளிப்புறம், அதாவது இரத்தக் குழாய்கள் உள்ள பக்கம், ஒரு புரதம் இரண்டு சோடியம் அயனிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு அயோடைடு அயனியை உள்ளே இழுக்கிறது. இரத்தத்தில் உள்ளதைப்போல் 20 முதல் 40 மடங்கு வரை அயோடைடு சுரப்பிக்குள் சேர்வது இப்படித்தான். இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1996-இல்தான் பிரித்தெடுத்தார்கள்.

உள்ளே வந்த அயோடைடு செல்லில் தங்குவதில்லை. மறுபக்கம் கூழ்மத்துக்குள் இறங்குகிறது. அங்கே தைரோகுளோபுலின் என்னும் மாபெரும் புரதம் காத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் 2,700-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் இணைந்தது அது. அவற்றுள் டைரோசின் என்னும் அமினோ அமிலம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் உண்டு. செல்லின் விளிம்பில் ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரிக்க, அதைக் கொண்டு தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் மற்றொரு நொதி அயோடினைச் சில டைரோசின்களின் வளையத்தில் ஒட்டுகிறது. பிறகு நிகழ்வதுதான் அழகு. அயோடின் ஏறிய ஒரு டைரோசின், தன் வளையத்தைச் சங்கிலியிலிருந்து கழற்றி, எட்டும் தொலைவில் இருக்கும் இன்னொரு டைரோசினின் வளையத்தோடு இணைத்துவிடுகிறது. கொடுத்தது மொட்டையாக நிற்கிறது. பெற்றது, இன்னும் புரதத்தோடு ஒட்டியபடியே, டி4 ஆகிவிடுகிறது. இவ்வளவு பெரிய மூலக்கூறிலிருந்து கடைசியில் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஹார்மோன்களே. வீண் செலவு என்று தோன்றலாம். ஆனால் 2020-இல் இந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவம் வெளியானபோது, இணைய வேண்டிய டைரோசின்கள் ஒன்றையொன்று தொடும் நெருக்கத்தில் அமையும்படி புரதம் மடிந்திருப்பது தெரிந்தது.

செய்த ஹார்மோனை உடனே அனுப்பிவிடாமல், குதிரில் நெல் வைப்பதுபோல் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஆவதைக் கூழ்மத்திலேயே சேமித்து வைப்பது இச்சுரப்பியின் தனித்தன்மை. வேறெந்த நாளமில்லாச் சுரப்பியும் இந்த அளவுக்குச் செல்லுக்கு வெளியே சேமிப்பதில்லை. டி.எஸ்.எச். கட்டளை வந்ததும், செல் கூழ்மத்தை ஒரு துளியாக விழுங்கி, புரதம் முழுவதையும் சிதைத்து, டி4-ஐ இரத்தத்தில் விடுகிறது. ஹார்மோனாக மாறாத டைரோசின்களில் ஒட்டியிருந்த அயோடினைக்கூட வீணாக்காமல் கழற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது.

இந்தப் படிகளில் எது தடைபடுகிறதோ அதற்கேற்ப நோய் அமைகிறது. முதலாவது, மூலப்பொருளே வராமை. மழை மண்ணின் அயோடினைக் கடலுக்கு அடித்துச் சென்றுவிடுவதால், இமயமலை அடிவாரம் காலங்காலமாக முன்கழுத்துக் கழலை மிகுந்த பகுதியாக இருந்தது. ஹார்மோன் குறைய, டி.எஸ்.எச். இடைவிடாமல் முடுக்க, சுரப்பி பருத்துக் கழலையாகிறது. 1956-இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழலை குறைவதைக் காட்டியது. 1962-இல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவை 150 மைக்ரோகிராம் மட்டுமே. அப்படியிருந்தும், 2018–19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவான மாநிலமாகத் தமிழ்நாடு, சுமார் 62 சதவீதத்தோடு, நின்றது. தெருவில் வாங்கும் கல் உப்பு பலவற்றில் அயோடின் சேர்ப்பதில்லை. தைராய்டுக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் இந்துப்பிலும் தேவைக்கு உதவும் அளவு அயோடின் கிடையாது. கருவுற்ற பெண்கள் அதை மட்டுமே நம்புவது எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது.

ஆனால் கடிதம் எழுதிய வாசகியின் வீட்டில் உப்பு சரியாகவே இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நடப்பது வேறு. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டில் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் குவிந்து கிடப்பதை விவரித்தார். அது தன் உடலையே தாக்கும் எதிர்ப்பு என்பது தெளிவாக 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாக்குதலுக்கு இலக்காவன எவை? நாம் மேலே பார்த்த தைரோகுளோபுலினும் தைராய்டு பெராக்சிடேஸும்தான். ஹார்மோன் செய்யும்போது பெராக்சைடால் உடையும் புரதத் துண்டுகளும், அயோடின் ஏறி உருமாறிய தைரோகுளோபுலினும் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அந்நியமாகப்பட வாய்ப்புண்டு. பிறவியிலேயே அதற்கேற்ற மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு இது மெல்ல மெல்லச் சுரப்பியை அழிக்கிறது. பெண்களுக்கு இது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தலைதூக்குவதும் உண்டு. இரத்தத்தில் பெராக்சிடேஸுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் தாக்குதல் புரதம், இருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். மகளுக்கும் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பரிசோதனையும், சில வாரங்கள் கழித்து மறுபடி ஒரு டி.எஸ்.எச். பரிசோதனையும்தான்.

அயோடின் மிகையானாலும் இந்த எதிர்ப்பு தூண்டப்படலாம். சீனாவில் மூன்று வட்டாரங்களை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. இதை எடுத்துக்காட்டி உப்பிலிருந்து அயோடினை நீக்கச் சொல்வது தவறு. அயோடின் பற்றாக்குறை கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது. ஹஷிமோட்டோ நோய்க்கோ, குறையும் டி4-ஐ ஈடுசெய்யும் சிறு மாத்திரை தினம் ஒன்று போதும்.

எதிர்ப்பு மண்டலம் எதிர்த்திசையிலும் பிழை செய்யும். கிரேவ்ஸ் நோயில் உருவாகும் ஆன்டிபாடி, டி.எஸ்.எச். பொருந்த வேண்டிய ஏற்பியில் தானே பொருந்திக்கொண்டு, நிறுத்தச் சொல்ல யாருமில்லாமல் சுரப்பியை முடுக்கிக்கொண்டே இருக்கிறது. உடல் மெலிவு, படபடப்பு, கைநடுக்கம் எல்லாம் அதனால் வருபவை. அதற்குத் தரும் கார்பிமசோல் பெராக்சிடேஸ் நொதியைத் தடுத்தே வேலை செய்கிறது. ஆனால் குதிரில் இருக்கும் பழைய சேமிப்பு தீரும் வரை அதன் பலன் முழுதாகத் தெரியாது. மனநோய்க்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், கழுத்து அறுவை சிகிச்சை, அரிதாகப் பிட்யூட்டரியின் பழுது ஆகியனவும் தைராய்டு கோளாறுக்குக் காரணமாகலாம்.

கொத்தமல்லி விதை ஊறிய நீரைக் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும், கழுத்தில் கயிறு மந்திரித்துக் கட்டினால் போதும் என்றும் நம்பி, மாத்திரையை விட்டுவிடுபவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், நிறுத்திய முதல் சில நாட்கள் எதுவும் ஆகாது. அந்த நாட்களே நம்பிக்கையை உறுதிப்படுத்திவிடுகின்றன. அழிந்துபோன செல்களை எந்த விதையும் மீட்பதில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் உரிய இடைவெளி விடுவதுதான் பலன் தரும் பழக்கம்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் உறுத்துவது வேறொன்று. சில குழந்தைகள் தைராய்டு வளராமலோ, மேலே சொன்ன படிகளுள் ஒன்று மரபணுப் பிழையால் வேலை செய்யாமலோ பிறக்கின்றன. பிறந்தவுடன் பார்த்தால் பெரும்பாலும் எந்த வேறுபாடும் தெரியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். மாதங்கள் தாமதித்தால் மூளை வளர்ச்சி குன்றுவதை மீட்க முடியாது. கண்டறியத் தேவை குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தம் மட்டுமே. இருந்தும் நாடு முழுவதும் கட்டாயமான பரிசோதனையாக இது இன்னும் வரவில்லை. பெரிய மருத்துவமனைகளுக்குப் பெயர்பெற்ற வேலூரில் பிறக்கும் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய அந்தச் சொட்டு இரத்தப் பரிசோதனை, ஜவ்வாது மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறக்கும் குழந்தைக்கும் கிடைக்கும்படி அரசு நிதி ஒதுக்க வேண்டும். பரிசோதனைக்கு ஆகும் செலவு, தவறவிட்ட ஒரு குழந்தையை ஆயுள் முழுவதும் பராமரிக்க அந்தக் குடும்பம் செலவிடுவதில் மிகச் சிறு பங்கே.