வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருந்தால் கேமரா பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு

கீழக்கரையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில். ஹாலில் சுற்றித் திரும்பும் வைஃபை கேமரா ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இரவு நேரத்தில் அது திரும்பி, பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் வந்து நின்றிருக்கிறது. அவர்தான் அங்கிருந்து திருப்புகிறார் என்று இவர்கள் விட்டுவிட்டார்கள். பையன் போனில் விளையாடுகிறான் என்று அவர் விட்டுவிட்டார். ஒரு நாள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அது திரும்ப, "நீங்களா திருப்புறீங்க?" என்று வீட்டில் இருந்தவர் கேட்க, "நான் ஆப்பையே திறக்கலையே" என்று அவர் சொல்ல, அதற்குப் பிறகுதான் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆள் நடமாட்டத்தைத் தொடர்ந்து திரும்பும் வசதி சில கேமராக்களில் உண்டு. அதை முதலில் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. அப்புறம் பார்த்தால், கேமராவின் கணக்கே வீட்டுக்காரர் பெயரில் இல்லை. மாட்டிக் கொடுத்த பையன் தன் போன் நம்பரில் கணக்கைத் திறந்து, வீட்டுக்காரருக்கு 'ஷேர்' மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பையன் இப்போது அந்தக் கடையில் இல்லை, அந்த போன் யாரிடம் இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. கேமராவின் சொந்தப் பாஸ்வேர்டு 123456. இந்த மாதிரி எத்தனை வீடு பார்த்துவிட்டேன்! கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "வைஃபைக்குத்தான் பாஸ்வேர்டு போட்டிருக்கோமே தம்பி, எவன் உள்ள வர முடியும்?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வைஃபை பாஸ்வேர்டு என்பது உங்கள் ரூட்டரின் அலை எட்டுகிற தூரத்துக்குள் நின்றுகொண்டு, அந்த அலையில் சேர நினைப்பவரைத் தடுப்பதற்கு. வீட்டைச் சுற்றி ஓர் ஐம்பதடி, வெட்டவெளியாக இருந்தால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் அதன் ஆட்சி. உங்கள் கேமராவை நீங்களே துபாயிலிருந்து எப்படிப் பார்க்கிறீர்கள்? வீட்டு வைஃபையில் சேர்ந்தா பார்க்கிறீர்கள்? இல்லையே. கேமரா இன்டர்நெட் வழியாகத் தன் கம்பெனி சர்வருக்குப் போய் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதிந்து வைக்கிறது, உங்கள் ஆப்பும் அதே சர்வருக்குப் போகிறது, சர்வர் இரண்டையும் கோத்துவிடுகிறது. அந்தப் பாதையில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டை யாரும் கேட்பதே இல்லை. உங்களிடம் கேட்காதது இன்னொருவனிடம் மட்டும் கேட்குமா? தெருவாசலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துபோட்ட கதைதான் இது.

ஒரு வீட்டில் நாலு பாஸ்வேர்டு இருக்கிறது, நாலும் வேறு வேறு. வைஃபையில் சேர ஒன்று. ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போக ஒன்று; பல வீடுகளில் அது இன்னும் 'அட்மின்' என்றே கிடக்கிறது. கேமராவுக்கு என்று ஒன்று. ஆப் கணக்குக்கு ஒன்று. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் வாங்கியபடியே விட்டிருப்பவர்கள்தான் இந்தக் கரையில் அதிகம் என்பது என் அனுபவம்.

"எங்க வீட்ல என்ன இருக்கு, எவன் மெனக்கெட்டுப் பார்க்கப்போறான்" என்பது அடுத்தது. மெனக்கெட யாரும் தேவையில்லை, இதற்கென்று புரோகிராம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2016-இல் மிராய் என்ற ஒன்று வந்தது. கம்பெனியில் போட்டு அனுப்புகிற யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் அதனிடம் இருந்தன. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கேமரா, கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி, ரூட்டர் என்று தட்டிப் பார்த்து, திறந்ததையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி அப்படிப் பிடித்து வைத்த கருவிகளை, இணையதளப் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைக் காட்டித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் மேல் ஏவிவிட்டதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் சரியாகத் திறக்கவில்லை. உங்கள் வீட்டு நகையைப் பார்க்க அது வரவில்லை, உங்கள் கேமராவைத்தான் எடுத்துக்கொள்ள வந்தது.

ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண், அந்த விஷயத்துக்கு வருவோம். 192.168.1.10 என்று ஒரு எண்ணை வெளிநாட்டில் இருக்கும் சபுராளி மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அங்கே திறக்கவில்லை என்று என்னிடம் கோபப்படுகிறார்கள். திறக்காது. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற எண். இதே எண் பாம்பனில் ஒரு வீட்டிலும் சாயல்குடியில் ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் எண் பிரித்துக் கொடுப்பதைத்தான் டிஹெச்சிபி என்கிறோம். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே வெளி எண்ணில் இன்டர்நெட்டுக்கு அனுப்பி வைப்பது நாட். வெளியிலிருந்து தானாக வருகிற எதையும் ரூட்டர் உள்ளே விடாததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தடையைத்தான் யூடியூபில் பார்த்துவிட்டு 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று, அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக ஒரு வாசல், திறந்து வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திறந்த போர்ட்டை உலகமே தட்டலாம். அதோடு இங்கே பல இணைப்புகளில் வெளி எண்ணே உங்களுக்கென்று தனியாகக் கிடையாது. ரூட்டரில் வேன் ஐபி (இன்டர்நெட் பக்கத்து எண்) 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால், இன்டர்நெட் கம்பெனிக்காரர் பல வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அங்கே நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் கேமரா தெரியாது, ரூட்டரைக் குழப்பியதுதான் மிச்சம். யூபிஎன்பி என்று ஒன்று ரூட்டரில் இருக்கும், உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்து கொடுப்பது அது. அணைத்துவிடுங்கள்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வரவேற்பறைச் சுவரில் வைஃபை பாஸ்வேர்டை அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்கள், யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு அது வசதிதான், சரி. ஆனால் காரிடார் கேமராக்களும் அதே நெட்வொர்க்கில். அறை எடுத்த யார் வேண்டுமானாலும் போனில் ஒரு இலவச ஸ்கேனர் ஆப்பைப் போட்டால் உங்கள் கேமராக்கள் வரிசையாக எண்ணோடு வந்து நிற்கும், அதற்கும் பாஸ்வேர்டு மாற்றாமல் இருந்தால் மற்ற விருந்தாளிகள் எந்த அறைக்குள் எப்போது போகிறார்கள் என்பது வரை அவர் பார்க்கலாம். ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று இருக்கிறதே, அதற்குத்தான் அது. விருந்தாளிகள் அதில், கேமராக்கள் வேறொன்றில். செய்ய ஐந்து நிமிஷம் ஆகும்.

வயர்லெஸ் என்றால் வயரே கிடையாது என்று நினைக்காதீர்கள், பேட்டரி கேமரா தவிர மற்றதற்குக் கரண்ட் வயர் போயே ஆக வேண்டும். கடற்கரையில் முதலில் சாவது அந்த ஜாயின்ட்தான். பெட்டியில் ஐபி66 என்று போட்டிருப்பது தூசிக்கும் தண்ணீருக்கும், உப்புக்காற்றுக்கு இல்லை. தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் ஜாயின்டைப் பிரித்தால் செம்புக்கம்பி பச்சைக் களிம்பு ஏறி, தொட்டதும் உதிர்ந்தது. டப்பாவுக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையில் மட்டும்தான் சேரும், ரூட்டரில் 5 மட்டும் போட்டுவிட்டு கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லாதீர்கள். மண்டபத்தில் கருவாட்டுக் களத்துக்கு சிம் கேமரா வைப்பவர்கள் டேட்டா கணக்கைப் பார்த்து வையுங்கள். 2 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் படம் மணிக்கு 900 எம்பி தின்னும், தினம் 2 ஜிபி பேக் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மெமரி கார்டில் பதிய விட்டு, தேவைப்படும்போது மட்டும் திறந்து பாருங்கள்.

இனி மாட்டும்போது ஆப் கணக்கை உங்கள் நம்பரில், உங்கள் கையால் திறங்கள். ஓடிபி யாருக்கு வருகிறதோ அவர்தான் கேமராவுக்குச் சொந்தக்காரர். ஏற்கெனவே மாட்டியிருந்தால் ஆப்பில் 'ஷேர்' பகுதியைத் திறந்து யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடாதீர்கள். புதிய மென்பொருள் வந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய கேமராவை விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார்களே, வீட்டு ஞாபகம் வருவது தெரிகிறது. அதற்கு வீடியோ கால் போடுங்கள். கேமராவை வாசலுக்கும் மாடிப்படிக்கும் திருப்பி வையுங்கள், படுக்கையறைக்கும் பெண்கள் புழங்கும் இடத்துக்கும் வேண்டவே வேண்டாம்.

அந்நியர் நுழைந்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் முதலில் கேமராவின் பிளக்கைப் பிடுங்குங்கள். ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள், பல கேமராக்களில் அது உள்ளே பதிந்திருப்பதையும் அழித்துவிடும். ஆப்பில் லாகின் விவரமும் ஷேர் பட்டியலும் தெரிகிற பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மெமரி கார்டைக் கழற்றித் தனியாக வையுங்கள், கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதன்பிறகு மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். ஒருவருடைய அந்தரங்க உடல் பாகங்களை அவர் சம்மதம் இல்லாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம், அதனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியவர்கள் நீங்கள் இல்லை.