மெஸ்: தட்டில் இட்ட சோறு

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ புதிதாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தால், பலகையில் பெரும்பாலும் ஹோட்டல், ரெஸ்டாரன்ட், மெஸ் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். மூன்றும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தவை. ஹோட்டலின் வேர் விருந்தாளியைக் குறிக்கும் லத்தீன் சொல். ஹாஸ்டல், ஹாஸ்பிடல் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் உடல் தேற்றும் சாற்றுக்கு வழங்கிய பெயரே பின்னர் அதை விற்ற கடைக்கும் ஆகி ரெஸ்டாரன்ட் ஆனது. நம் நாக்குக்கு நெருங்கியது மூன்றாவதுதான்.

மெஸ்ஸின் மூலம் பழைய பிரெஞ்சின் 'மெஸ்'. அதற்கும் முந்தியது லத்தீனின் 'மிஸ்ஸுஸ்'. அனுப்பியது, மேசைமேல் வைத்தது என்று பொருள். மெசேஜ், மிஷன் என்ற சொற்களும் 'அனுப்பு' என்ற அதே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவையே. ஆக, மெஸ் முதலில் இடத்தின் பெயர் அல்ல; ஒருவருக்குப் பரிமாறிய உணவின் பெயர். பிறகு ஒரே உணவைப் பகிர்ந்துண்ணும் நால்வர் குழுவைக் குறித்தது. லண்டன் வழக்கறிஞர் சங்கங்களின் விருந்தில் நால்வர் சேர்ந்ததை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்துப் படைவீரர்கள் சேர்ந்துண்ணும் கூடத்துக்குப் பெயரானது. 'அலங்கோலம்' என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான், கலந்துகட்டிய தீனி என்ற வழக்கிலிருந்து வந்தது. அந்தப் பொருளை வைத்துக்கொண்டு 'மெஸ் என்றால் குப்பை' என்று சொல்வது தவறு.

தமிழில் 'சோறிடுதல்' என்கிறோமே, அந்த 'இடு'தான் இங்கே சரியான இணை. மெஸ் என்றால் இட்டது.

இந்தப் பொருள் நம் ஊர் மெஸ்ஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹோட்டலில் கேட்டதைக் கொடுப்பார்கள். மெஸ்ஸில் அன்று சமைத்ததை இடுவார்கள். வாடிக்கையாளர் பெரும்பாலும் தினமும் வருபவர், மாதக் கணக்கு வைத்திருப்பவர். அதனால் புதிய மெஸ்ஸுக்குப் போனால் உட்காரும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். சாப்பாடு அளவா, முழுதா? சாப்பாட்டு விலைக்குள் எந்தெந்தக் குழம்பு அடங்கும்? வறுவலுக்குத் தனி விலையா? கறிக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டில் வந்த சுக்காவுக்கும் சேர்த்துப் பில் வந்தபின் சண்டை போடுவதில் பயனில்லை. ஒன்றரை மணிக்கு மேல் போனால் மீன் தீர்ந்திருக்கலாம். ஒருவேளைக்கு அளவாகச் சமைக்கிற இடத்தில் அது குறையல்ல, நல்ல அறிகுறி. கல்லாவுக்கு அருகே உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸை எடைபோட நம்பகமான பண்டம் கேழ்வரகுக் களி. நான்கு உருண்டைக்கு நான்கு டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் அரிசி நொய், இரண்டு டம்ளர் மாவு. நொய் குழைய வெந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். உடனே கிண்டக்கூடாது. குவியலின் நடுவே கட்டையால் ஒரு குழி போட்டு, தீயைத் தணித்து, ஏழெட்டு நிமிடம் மூடி வைத்தால் ஆவி மாவுக்குள் ஏறும். அதன்பிறகே இறக்கி, கால்களால் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு, துடுப்பால் அழுத்திக் கிளற வேண்டும். அவசரப்பட்டவர் களியில் கட்டி தட்டும்; பிட்டால் உள்ளே வெள்ளையாகப் பச்சை மாவு தெரியும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்த களி. ஆறினால் மேலே தோல் கட்டிவிடும், அதனால் "உருண்டை இப்ப புடிச்சதாங்க?" என்று கேட்டே வாங்குங்கள். மென்று தின்பதல்ல களி. கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். குழம்பு நீர்த்திருந்தால் களியில் பிடிக்காமல் வழிந்துவிடும்.

ஓசூர்ப் பக்கம் 'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பலகையும் உண்டு. அது கர்நாடகத் தொடர்பில் வந்த வழக்கு. படைவீரர்களுக்கு மட்டுமான இடம் அல்ல; அசைவம் கிடைக்கும் என்பதே இன்றைய பொருள். அசைவ உணவகம் என்று எழுதினால் போதும்.

மெஸ்ஸுக்கு நேரான தமிழ் எது? 'உணவகம்' ரெஸ்டாரன்டுக்குப் பொருந்தும் பொதுச்சொல். 'உணவு விடுதி' வேண்டாம். விடுதி என்றால் தங்கும் இடம், மெஸ்ஸில் யாரும் தங்குவதில்லை. கல்லூரி மெஸ், காவலர் மெஸ் போன்றவற்றை 'உணவுக்கூடம்' என்றும், மெஸ் பில்லை 'உணவுக் கட்டணம்' என்றும் எழுதலாம். கடைப் பலகைக்கு 'உண்டிச்சாலை' அழகான சொல், அகராதிகளிலும் இருக்கிறது. ஆனாலும் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் 'சாப்பாட்டுக்கடை'யே முதல் தேர்வாக வேண்டும். யாருக்கும் விளக்கத் தேவையில்லாத சொல் அது.

எழுதும்போது ஒற்றெழுத்தை விடாதீர்கள். 'சாப்பாடு கடை', 'உண்டி சாலை' என்று பலகை எழுதுபவர் பிரித்துப் போட்டுவிடுவார். டகரம் இரட்டித்துக் ககர ஒற்றும் வர, சாப்பாட்டுக்கடை. சகர ஒற்றோடு உண்டிச்சாலை. பெயிண்ட் தொடும் முன்பே தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.