வெண்டிக்காய் அச்சு: நிறத்துக்கு முன் இடைவெளி

காய்கறி அச்சுப் பதிக்கும் நாள் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பத்து நிமிடத்தில் தாள் நிறைந்துவிடும். விரித்துப் பார்த்தால் பல தாள்களில் அச்சுகள் இருக்கும், கோலம் இராது. ஓர் உருவம் எந்த ஒழுங்கில், எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருகிறது என்பதைப் பழக்குமுன் நிறத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் நிறமில்லாமல் செய்யவிடுங்கள். ஏ4 தாளை நெடுக்காக இரண்டு முறை, குறுக்காக இரண்டு முறை பாதியாக மடித்து விரித்தால் 16 கட்டங்கள் கிடைக்கும். வெண்டிக்காயின் பூ அச்சையும் வாழையிலைக் காம்பின் பிறை அச்சையும் வெறுமனே கட்டம் கட்டமாக மாறி மாறி வைத்து, "பூ, பிறை, பூ, பிறை" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். இரண்டாம் வரிசையைப் பிறையில் தொடங்கச் சொன்னால் பூக்கள் சாய்வாக ஓடுவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பனையோலைப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, சாயமிட்ட ஓலை எத்தனை ஓலைக்கு ஒருதரம் மேலே வருகிறது என்று எண்ணச் சொல்வதும் நல்ல தொடக்கம்.

அச்சுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ. வாழையிலைக் காம்பை வெட்டினால் உள்ளே சிறு அறைகளுடன் பிறை. விதை நீக்கிய பாவற்காய் சுருக்கு வைத்த வளையம் தரும். வெட்டுவது பெரியவர்கள் வேலை. ஒரே வெட்டில் வெட்டுங்கள். கத்தியை இழுத்து இழுத்து அறுத்தால் முகம் மேடுபள்ளமாகி அச்சு பாதிதான் விழும்.

அச்சு கலங்குவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். வெண்டிக்காயின் வழுவழுப்பும் உருளைக்கிழங்கின் நீரும் நிறத்தை நீர்க்கச் செய்துவிடும். வெட்டிய முகத்தைப் பழைய பேப்பரில் கவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள். போஸ்டர் கலரைக் கெட்டித் தயிர்ப் பதத்தில் கரைத்து, தட்டில் விரித்த ஸ்பொஞ்சில் ஊற்றுங்கள். கிண்ணத்தில் நேரே தோய்த்தால் வெண்டிக்காயின் குழிகள் நிறத்தால் அடைபட்டு, பூ வெறும் பொட்டாகிவிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஸ்பொஞ்சில் ஒருமுறை ஒற்ற வேண்டும். தாளின் கீழே நாலைந்து பேப்பர் மடிப்பு இருந்தால் அச்சு முழுமையாக விழும். நேரே அழுத்தி நேரே எடுக்கவேண்டும். சற்றுத் திருகினாலும் விளிம்பு இழுபடும். எனாமல் பெயின்ற், துணிச்சாயம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் விரல் வாய்க்குப் போகும்.

ஏழாவது கட்டத்தில் பிறைக்குப் பதில் பூ விழுந்துவிட்டதா? உடனே புதுத் தாள் நீட்டாதீர்கள். "எந்த இடத்தில் ஒழுங்கு மாறியது?" என்று கேளுங்கள். விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தைத் தொடும் பிள்ளைக்குக் கோலம் பிடிபட்டுவிட்டது. சில பிள்ளைகள் அந்த மாறுதலையே அடுத்த வரிசையிலும் வைத்துப் புது ஒழுங்கு ஆக்கிவிடுவார்கள். அதற்கும் முழுப் புள்ளி கொடுக்கலாம்.

கண்காட்சிக்கென்று பெரியவர்கள் திருத்திப் பதித்த தாளைவிட, கட்டம் தவறிய இந்தத் தாளையே சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் அந்தப் பிள்ளை சொன்ன ஒழுங்கை அதன் சொல்லிலேயே எழுதிவையுங்கள்.